திறமை கொட்டிக் கிடக்கு, ஆனா ஆர்வமே இல்லாத பையன். இவனைத் தேத்த முடியுமா?

கார்னர்_த்ரீ:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க.

நான் ஃபுல்டைம் கோச் எல்லாம் இல்ல. வேலை முடிச்சிட்டு சாயங்காலத்துல 16 வயசுக்குட்பட்ட பசங்க பாஸ்கெட்பால் டீமைப் பாத்துக்குறேன், வாரத்துக்கு நாலு நாள். டீம்ல ஒரு பையன் இருக்கான், பதினஞ்சரை வயசு, ஆறடி ரெண்டு அங்குலம், இடது கை. இத்தனை வருஷத்துல நான் பாத்த பசங்கள்ல பாஸிங் இவனுக்கு வந்த மாதிரி யாருக்கும் வந்ததில்ல, சொல்லிக் கொடுத்து வர்ற சமாச்சாரமே இல்ல அது.

போன மாசம் ஒரு மேட்ச். கார்னர்ல ரெண்டு பேர் இவனை அமுக்கிட்டாங்க, பேஸ்லைன் ஒரு பக்கம், சைட்லைன் ஒரு பக்கம், போக வழியே இல்ல. இவன் தலையைக்கூட திருப்பல, டிஃபெண்டரோட இடுப்பைச் சுத்தி இடது கையாலயே பந்தை வளைச்சு எதிர்பக்க கார்னருக்கு விட்டான். அங்க நின்ன நம்ம பையனே எதிர்பாக்கல, பந்து நெஞ்சுல பட்டு வெளிய போயிடுச்சு. பெஞ்ச்ல இருந்த எனக்கு புல்லரிச்சிடுச்சு. ஆனா அடுத்தது என்னன்னா, எதிர் டீம் த்ரோ-இன் போட்டு ஓட ஆரம்பிச்சாச்சு, இவன் இடுப்புல கை வச்சுக்கிட்டு ஏதோ பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நடந்து வர்றான். நாலு பேரை வச்சு அஞ்சு பேரைத் தடுக்கணும், ரிங்குக்குக் கீழயே போய் ஈஸியா லே-அப் போட்டுட்டாங்க. ரெண்டும் இருபது செகண்டுக்குள்ள நடந்தது.

ப்ராக்டிஸ்லயும் இதே கதைதான். லேட்டா வருவான், வார்ம்-அப் கடனேன்னு பண்ணுவான், பாக்ஸ்-அவுட்னு சொன்னா, அதாவது மிஸ் ஆன பந்தை எதிராளி எடுக்க விடாம முதுகால மறிச்சு நில்லுன்னா, முதுகைத் திருப்பிட்டு சும்மா நிப்பான். திட்டினா கோவப்பட மாட்டான், எதிர்த்துப் பேச மாட்டான், "சரி சார்"னு சொல்லிட்டு அதையேதான் திரும்பப் பண்ணுவான். எதிர்த்துப் பேசினாக்கூட பரவால்லன்னு தோணுது, அதுலயாவது உள்ள ஏதோ எரியுதுன்னு தெரியும்ல. கேப்டனா போட்டுப் பாத்தேன், பெஞ்ச்ல உக்கார வச்சும் பாத்தேன். பெஞ்ச்ல அவன் நிம்மதியா இருக்கான்ங்க, அதான் எனக்குக் கொடுமையா இருக்கு!

அவங்கப்பா பேசினார். டிஃபென்ஸுக்கு ஒழுங்கா ஓடினா புது ஷூ வாங்கித் தர்றேன்னு சொல்லிப் பாக்கவான்னு கேட்டார், நானும் நல்ல ஐடியாதான்னு சொல்லிட்டேன், ஆனா உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல்.

இந்த மாதிரி பசங்க பின்னாடி மாறுவாங்களா, இல்ல நான் விட்டுட்டு உழைக்கிற பசங்கமேல டைம் போடணுமா? அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க.

டூ_ஹேண்ட்_டங்க்:

நேரடியா சொல்றேன், விட்ருங்க. உங்க பெஞ்ச்ல அஞ்சடி எட்டங்குலத்துல ஒருத்தன் இருப்பான், முட்டி தேய ஓடுவான், விழுந்து பந்து எடுப்பான், அவனுக்குக் குடுக்க வேண்டிய நிமிஷத்தை இவனுக்குக் குடுத்துட்டு இருக்கீங்க. உயரம் இருக்குறதாலதான் இவ்ளோ யோசிக்கிறீங்க, இதே பையன் குட்டையா இருந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. செவிடன் காதுல எத்தனை நாள் சங்கு ஊதுவீங்க?

விசில்_அக்கா:

டங்க் தம்பி சொல்றதுல பாதி உண்மை, உயரத்தைப் பாத்து மயங்குறது எல்லா கோச்சும் பண்ற தப்பு, நானும் பண்ணிருக்கேன். ஆனா பதினஞ்சரை வயசுப் பையனை விட்ருங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி நிறைய இருக்கு தம்பி.

கார்னர் சார், "ஆர்வம் இல்ல"ங்கறது நீங்க கண்டுபிடிச்ச காரணம், நீங்க கண்ணால பாத்தது இல்ல. பாத்தது என்னன்னா, திரும்பி ஓடல, லேட்டா வர்றான், பாக்ஸ்-அவுட் பண்ணல. இதுக்கெல்லாம் காரணம் ஆர்வமாத்தான் இருக்கணும்னு அவசியம் இல்ல.

முதல்ல உடம்பு. போன ஒரு வருஷத்துல எவ்ளோ வளந்திருக்கான்? இந்த வயசுல எலும்பு நீளுற வேகத்துக்குத் தசையும் தசைநாரும் ஈடு குடுக்காது, சிலருக்கு முட்டிச்சிப்பிக்குக் கீழ முன்பக்கத்துல எலும்பு புடைச்சிருக்கும், தொட்டா வலிக்கும். குதிக்கிறப்ப, ஓடிட்டே சட்டுனு நிக்கிறப்ப, முட்டி போடறப்ப உயிர் போகும், ஆனா பையன் வாயைத் திறக்க மாட்டான். நீங்க சொல்றதுல இன்னொண்ணும் இருக்கு பாருங்க, பாஸ் பண்றதுக்குக் கால் வேண்டாம், ஸ்பிரிண்ட்டுக்கும் பாக்ஸ்-அவுட்டுக்கும் காலு வேணும். இவன் எதெல்லாம் ஏனோதானோன்னு பண்றானோ அதெல்லாமே முட்டி மடக்குற வேலையா இருக்கே, கவனிச்சீங்களா?

என்கிட்ட ஒரு பொண்ணு விளையாடினா. ரெண்டாவது குவார்ட்டர் பாதியிலயே சுவிட்ச் ஆஃப் ஆன மாதிரி ஆயிடுவா, நான் அவளை டீம் முன்னாடி சோம்பேறின்னு சொன்னேன், ஒரு தடவை இல்ல, ஒரு சீசன் முழுக்க. கடைசில அவங்கம்மா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதுல ரத்தத்துல இரும்புச்சத்து பாதாளத்துல கிடந்துது. மாத்திரை எடுத்து சில மாசத்துல நாலு குவார்ட்டரும் ஓடினா. நான் மன்னிப்பு கேட்டேன், "பரவால்ல மிஸ்"னு சொன்னா, ஆனா அதுக்கப்புறம் என்னைப் பாக்கிற பார்வை பழையபடி இல்ல. அதனாலதான் இந்த வார்த்தை விஷயத்துல நான் இவ்ளோ இழுக்குறேன்.

தூக்கம் எவ்ளோன்னு கேளுங்க. இந்த வயசுக்கு எட்டு மணி நேரத்துக்குக் கம்மியா தூங்கினா காணவே காணாது, ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனோட இருக்கிற பையன் சாயங்காலம் எப்படி ஓடுவான்?

அப்புறம் ஒரே ஒரு கேள்வி, இதுக்கு மட்டும் கண்டிப்பா பதில் சொல்லுங்க. அவன் எப்ப ஓடுறான்? ஓடவே மாட்டான்னு சொல்லாதீங்க, எங்கயோ எப்பவோ ஓடிட்டுதான் இருப்பான், நீங்க அங்க இல்ல, அவ்ளோதான்.

பழைய_ஃபார்வர்டு:

நான் இந்த ஃபோரம்ல படிக்கிறதோட சரி, எழுதினதில்ல. இதைப் படிச்சதும் என்னைப் பத்தியே எழுதின மாதிரி இருந்துது, அதான்.

அந்தப் பையன் நான்தான் சார். பதினாலு வயசுல என் வயசுப் பசங்களுக்கு நடுவுல நான் ஒரு தலை உயரம், கை நல்லா வரும், ஊர்ல எல்லாரும் "இவன் எங்கயோ போகப்போறான்"னு சொல்லிட்டே இருப்பாங்க. எங்கப்பா ஒரு சின்ன பாக்கெட் நோட்டு வச்சிருப்பார், ஒவ்வொரு மேட்ச்லயும் என் பாயிண்ட், மிஸ் பண்ண ஃப்ரீ த்ரோ, எல்லாம் குட்டிக் குட்டியா எழுதுவார். வீட்டுக்குப் போற வழி பூரா அந்த நோட்டுதான். வண்டில பின்னாடி உக்காந்துட்டு அவர் முதுகைப் பாத்துக்கிட்டே "ம்... ம்..."னு சொல்லிட்டு வருவேன். அவர் கெட்ட மனுஷன் இல்ல, என்மேல உசுரையே வச்சிருந்தார். ஆனா ஒரு கட்டத்துல எனக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு. முழு மூச்சா ஆடி எட்டு பாயிண்ட் எடுத்தா வீடு வரைக்கும் பாடம், அசால்ட்டா ஆடி எட்டு பாயிண்ட் எடுத்தா "மனசு வச்சிருந்தா இருபது எடுத்திருப்பான்"னு அவரே எல்லார்கிட்டயும் சொல்வார். ரெண்டாவது நல்லாருக்குல்ல? முயற்சி பண்ணாத வரைக்கும் என் திறமைக்கு எந்தக் கேடும் இல்ல. முழுசா முயற்சி பண்ணி தோத்துட்டா, அவ்ளோதான் நான்னு ஊருக்கே தெரிஞ்சிடும். அந்தப் பயத்தைத்தான் எல்லாரும் திமிருன்னு நினைச்சாங்க.

அதனால பெஞ்ச்ல அவன் நிம்மதியா இருக்கான்னு நீங்க எழுதினதைப் பாத்து நான் ஆச்சரியப்படல. பெஞ்ச்ல பரீட்சை கிடையாது.

எனக்கு மாத்தம் வந்தது கத்தினதால இல்ல. ஒரு கோச் வந்தார், அதிகம் பேசாதவர். எனக்குக் கணுக்கால் சுளுக்கி ரெண்டு மேட்ச் உக்காந்திருந்தப்ப ஒரு பேப்பரும் பென்சிலும் குடுத்தார். பாயிண்ட் எழுத வேண்டாம், நம்ம ஷாட் மிஸ் ஆனதும் திரும்பி முதல் மூணு எட்டு, அதாவது மூணு ஸ்டெப், யார் ஓடுறா, யார் நடக்குறா, அதை மட்டும் கோடு போடுன்னார். ரெண்டு மேட்ச் கோடு போட்டேன். என் இடத்துல ஆடின பையன் என்னைவிட எல்லாத்துலயும் மட்டம், ஆனா அவன் பேர்ல நடந்த கோடே இல்ல. நாங்க திரும்புறதுக்குள்ள எதிர் டீம் வேகமா ஓடி வந்து போடற ஃபாஸ்ட்பிரேக் பாயிண்ட் பாதியாயிடுச்சு. யாரும் எதுவும் சொல்லல, பேப்பர் என் கைலதான் இருந்துது, என் கையெழுத்துதான். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

அதுக்கப்புறம் பெரிய ஆளாயிட்டேனான்னு கேட்டா இல்ல. காலேஜ் வரைக்கும் ஆடினேன், நல்லா ஆடினேன், அதோட சரி. இப்பவும் ஞாயித்துக்கிழமை ஆடறேன், திரும்பி ஓடறேன், மூச்சு வாங்குது, அது வேற கதை.

ஷூ வேண்டாம் சார். அந்த ஷூவைப் போடறப்பல்லாம் அப்பாவோட நோட்டு ஞாபகம் வரும்.

நெட்_கிழிச்சான்:

பழைய ஃபார்வர்டு அண்ணா, செம. ஷூ பத்தி நான் படிச்ச ஒண்ணு சொல்றேன். 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் பண்ண ஆராய்ச்சி, சைக்காலஜி படிக்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்சது. ஸ்கெட்ச் பேனால படம் போடறதுன்னா உசுரா இருந்த சின்னக் குழந்தைங்களை எடுத்து, கொஞ்சம் பேர்கிட்ட படம் போட்டா பட்டயம் தருவோம்னு முன்னாடியே சொல்லிட்டாங்க, கொஞ்சம் பேருக்குச் சொல்லாம திடீர்னு குடுத்தாங்க, மீதிப் பேருக்கு ஒண்ணுமே இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு சும்மா விளையாட விட்டப்ப, பட்டயம் கிடைக்கும்னு முன்னாடியே தெரிஞ்சு போட்டவங்க மத்தவங்களைவிட கிட்டத்தட்ட பாதி நேரம்தான் அந்தப் பேனாவைத் தொட்டாங்க. பிடிச்சுப் பண்ணது கூலிக்குப் பண்ற வேலையாயிடுச்சு. திடீர்னு வாங்கினவங்களுக்கு ஒண்ணும் ஆகல.

டெசி, ரயன்னு ரெண்டு பேர் இதே விஷயத்தைப் பத்தி இன்னும் பெருசா ஒரு கோட்பாடே கட்டினாங்க, மனுஷனுக்கு உள்ளருந்து உந்துதல் வரணும்னா மூணு வேணும்னு. தானா முடிவெடுத்த உணர்வு, தனக்கு இது வருதுங்கற உணர்வு, கூட இருக்கவங்களோட ஒட்டுதல். உங்க பையனுக்கு நடுவுல இருக்கிறது ஏராளமா இருக்கு, மத்த ரெண்டும் இருக்கான்னு பாருங்க. அவனா முடிவெடுக்கிற விஷயம் உங்க ப்ராக்டிஸ்ல ஒண்ணாவது இருக்கா? கோச்சிக்காதீங்க, பெரும்பாலான ப்ராக்டிஸ்ல இருக்காது.

மிட்_ரேஞ்ச்_பிரியன்:

எல்லாரும் உளவியல் பேசறீங்க, நான் என்பிஏ, அதான் அமெரிக்க பாஸ்கெட்பால் லீக், பைத்தியம், அதுலருந்து சொல்றேன்.

2014 டிராஃப்ட்டை எடுத்துக்கோங்க, டீமுங்க புது ஆளுங்களை வரிசையா எடுக்குற நாள் அது. முதல் ஆளா போனது ஆண்ட்ரூ விக்கின்ஸ். குதிக்கிறது, ஓடுறது, நீளக் கை, எல்லாம் கடவுள் அளந்து செஞ்ச மாதிரி. முதல் சீசன்லயே சிறந்த புதுமுகம் அவார்டு. 2016-17ல மேட்ச்சுக்கு 23.6 பாயிண்ட். ஆனா மினசோட்டா டீம்ல இருந்த அத்தனை வருஷமும் அவரைப் பத்தி ஒரே பாட்டுதான், ஆளுக்கு வெறி இல்ல, மூஞ்சில உணர்ச்சியே இல்ல, ராத்திரிக்கு ராத்திரி காணாமப் போறார்னு. 2020 பிப்ரவரில கோல்டன் ஸ்டேட் டீமுக்கு மாத்திவிட்டாங்க, நிறைய பேர் சிரிச்சாங்க. 2022ல லீக்கோட சிறந்த ஆளுங்க ஆடுற ஆல்-ஸ்டார் மேட்ச்ல ஸ்டார்ட்டர், அதே வருஷம் ஃபைனல்ஸ்ல பாஸ்டன் டீமோட பெரிய ஆளு டேட்டத்தைக் கட்டிப்போட்டு, அஞ்சாவது மேட்ச்ல 26 பாயிண்ட், 13 ரீபவுண்ட் (ரிங்ல பட்டுத் திரும்புற பந்தை எடுக்குறது), கப்பு. ஆளோட மூஞ்சி மாறல மக்களே, அதே மூஞ்சிதான்! மாறினது வேலை. டீமைத் தோள்ல தூக்குற ஹீரோ வேலை போய், எதிர் டீமோட பெரிய ஆளைப் புடி, ரீபவுண்டுக்குப் போ, ஓபனா இருந்தா போடுன்னு தெளிவான வேலை. சுத்தி ஸ்டீஃபன் கர்ரி மாதிரி பெரிய ஸ்டாருங்க.

அதே டிராஃப்ட்ல 41ஆவது பிக், அதாவது 41ஆவதா எடுத்த ஆளு, நிக்கோலா யோக்கிச். அவர் பேர் வந்தப்ப டிவில விளம்பரம் ஓடிட்டிருந்துது, அவர் வீட்ல தூங்கிட்டிருந்தார். சின்ன வயசுல குண்டா, சோடாவா குடிச்சுத் தள்ளிட்டு இருந்த ஆளு. சீசனோட சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி அவார்டு 2021, 2022, 2024ன்னு மூணு. 2023ல கப்பு ஜெயிச்சதும் வேலை முடிஞ்சது, இனி வீட்டுக்குப் போலாம்னார், ஊருக்குப் போய் குதிரைங்களைப் பாக்கணும் அவருக்கு. இந்த ஆளைப் பதினஞ்சு வயசுல நம்மள்ல யார் பாத்திருந்தாலும் ஆர்வம் இல்லாதவன்னுதான் எழுதிருப்போம். உங்க பையனுக்கும் பாஸிங்தானே, சும்மா சொல்லல.

இன்னொண்ணு, என்பிஏ ஸ்டார் ஐவர்சன்கிட்ட ப்ராக்டிஸுக்கு ஒழுங்கா வரலன்னு கேட்டப்ப, 2002ல பிரஸ்மீட்ல ப்ராக்டிஸ் ப்ராக்டிஸ்னு திரும்பத் திரும்பச் சொன்ன கிளிப்பைப் பாத்து உலகமே சிரிச்சிது. அதுக்குச் சில மாசம் முன்னாடிதான் அவரோட நெருங்கின நண்பர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார், அதே பிரஸ்மீட்ல அதைப் பத்தியும் பேசினார். கிளிப் வெட்டினவங்க அதை விட்டுட்டாங்க.

டூ_ஹேண்ட்_டங்க்:

மிட்ரேஞ்ச் ப்ரோ, ஜெயிச்சவங்க பேரா அடுக்குறீங்க. 2008ல ரெண்டாவது பிக் மைக்கேல் பீஸ்லி, அந்த வருஷம் முதல் பிக் டெரிக் ரோஸ், ரோஸ் 2011ல எம்விபி. பீஸ்லிக்கு ஸ்கோரிங்ல என்ன குறை? எத்தனை டீம் மாறினார், ஒரு ஆல்-ஸ்டார்கூட கிடையாது. இவங்களைப் பத்தி யாரும் வீடியோ போட மாட்டாங்க. அதோட முப்பது டீம், டீமுக்குப் பதினஞ்சு பேர், உலகத்துலயே நானூத்தி சொச்சம் பேர், அங்க போன சோம்பேறியும் நம்ம டீமோட உழைப்பாளியைவிட பத்து மடங்கு ஓடினவன். யோக்கிச்சை வச்சு ஒரு அண்டர்-16 பையனுக்கு முடிவு பண்ணாதீங்க.

மிட்_ரேஞ்ச்_பிரியன்:

அது சரிதான், ஒத்துக்கறேன். நான் சொல்ல வந்தது இப்பவே முடிவு பண்ணிடாதீங்கன்னு மட்டும்தான். என்பிஏ ஜாம்பவான் ஒலாஜுவான் பாஸ்கெட்பாலையே தொட்டது 15 வயசுக்கு அப்புறம். இன்னொரு ஜாம்பவான் டிம் டங்கன் முதல்ல நீச்சல்காரர், 1989ல புயல் வந்து ஊர்ல இருந்த குளம் போனதால இந்தப் பக்கம் வந்தவர், அஞ்சு சாம்பியன்ஷிப். இந்த வயசுல கதை ஆரம்பிக்கவே இல்லாதவங்க இருக்காங்க, நம்ம கிளைமாக்ஸ் எழுதிட்டு இருக்கோம்.

கார்னர்_த்ரீ:

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ பதில் வரும்னு நினைக்கல. அக்கா கேட்ட கேள்விக்கு முதல்ல வர்றேன்.

போன வருஷத்துல நாலு அங்குலத்துக்கு மேல வளந்திருக்கான். நேத்து ப்ராக்டிஸ் முடிஞ்சு தனியா உக்காரவச்சு முட்டி வலிக்குதாடான்னு கேட்டேன். இல்ல சார்ன்னான். பேன்ட்டை ஏத்திக் காட்டுன்னு சொல்லி முட்டிக்குக் கீழ கட்டை விரலை வச்சு லேசா அழுத்தினேன், பல்லைக் கடிச்சிட்டு மூச்சை இழுத்தான். எத்தனை நாளாடா? "ஆறு மாசமா இருக்கு சார், எல்லாருக்கும் இருக்கும்னு நினைச்சேன்"ங்கறான். அக்கா, எனக்குப் பேச்சே வரல. இந்த ஆறு மாசமும் அவனை லேட்டா வந்ததுக்குத் தண்டனையா கோர்ட் கோடுங்களுக்கு நடுவுல லைன் ரன் ஓட வச்சிருக்கேன்.

ரெண்டாவது, எப்ப ஓடுறான்னு கேட்டீங்க. ப்ராக்டிஸ் முடிஞ்சு நான் கிளம்பிடுவேன். நேத்து வேணும்னே போற மாதிரி போயிட்டு வெளிய நின்னு பாத்தேன். பத்து பதினொரு வயசுப் பொடிசுங்க நாலஞ்சு பேர் அடுத்த கோர்ட்ல ஆடிட்டிருந்தாங்க, இவன் போய் சேந்துக்கிட்டான். ஒரு பொடியனைக் கூப்பிட்டு, நீ கண்ணை மூடிட்டு நேரா ரிங்குக்கு ஓடு, பந்து உன் கைக்கு வரும்னு சொன்னான். அந்தப் பொடியன் நிஜமாவே கண்ணை மூடிட்டு ஓடறான், பந்து தரைல ஒரு தட்டு தட்டி அவன் உள்ளங்கைல போய் உக்காருது. ஏழெட்டு தடவை. கைல பட்டதும் அந்தப் பயலுக்கு வந்த சிரிப்பு இருக்கே! இவன் பந்து எடுக்க ஓடறான், விழுந்து எந்திரிக்கிறான், சத்தம் போடறான். இவன் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. ஆனா முட்டி மடக்குறப்பல்லாம் வலது காலைத் தள்ளித் தள்ளி வைக்கிறதும் நேத்துதான் கண்ணுல பட்டுது.

ஷூ மேட்டரை நிறுத்திட்டேன். அப்பாகிட்ட பேசினப்ப ஒரு விஷயம் கேட்டேன், மேட்ச் முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப என்ன பேசுவீங்கன்னு. "மேட்சைப் பத்திதான், வேற என்ன"ன்னார். பழைய ஃபார்வர்டு, உங்களைத்தான் நினைச்சேன்.

பழைய_ஃபார்வர்டு:

அப்பாவைத் தப்பா நினைக்காதீங்க சார், அவருக்கு வேற என்ன பேசறதுன்னு தெரியாது. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் மேட்ச் பேச்சு கிடையாதுன்னு ஒரே ஒரு விதி மட்டும் போடச் சொல்லுங்க. பையனே ஆரம்பிச்சா பேசலாம். ஆரம்பத்துல ரெண்டு பேரும் திருதிருன்னு முழிப்பாங்க.

விசில்_அக்கா:

ஆறு மாசமா! நினைச்சேன். உங்களை நீங்களே ரொம்ப நொந்துக்காதீங்க, நான் ஒரு சீசன் முழுக்கப் பண்ணவ.

ஆனா ஒண்ணு, முட்டி வலி கண்டுபிடிச்சாச்சு, இனி எல்லாம் சரியாயிடும்னு நினைச்சிடாதீங்க. வலியும் இருக்கலாம், பழைய ஃபார்வர்டு சொன்ன பயமும் இருக்கலாம், நிஜமாவே கொஞ்சம் சோம்பேறித்தனமும் இருக்கலாம், ஒரே பையனுக்குள்ள மூணும் குடித்தனம் பண்ணும். வலி போனப்புறம் மிச்சம் என்ன இருக்குன்னு பாருங்க.

முதல்ல ஆர்த்தோ டாக்டரோ ஸ்போர்ட்ஸ் பிசியோவோ பாக்கட்டும், நான் சொன்னதுதான் இருக்கணும்னு இல்ல. பெரும்பாலும் குதிக்கிறதைக் குறைச்சு, தொடையை நீட்டி இளக்குற பயிற்சி, ஐஸ்னு சொல்வாங்க, வளர்ச்சி நின்னா பெரும்பாலும் தானா அடங்கிடும். அதுவரைக்கும் லைன் ரன் கிடையாது, யாருக்குமே தண்டனையா ஓட்டம் குடுக்காதீங்க. ஓடுறது தண்டனைன்னு நம்மளே சொல்லிக் குடுத்துட்டு, மேட்ச்ல ஏன்டா ஓடலன்னு கேக்குறோம்.

அவன் உக்காந்திருக்குற நாள்ல அந்தப் பேப்பர் பென்சில் வேலையைக் குடுங்க, அருமையான ஐடியா அது. வாரத்துல ஒரு நாள் கால் மணி நேரம் அந்தப் பொடிசுங்களுக்கு பாஸிங் சொல்லிக் குடுக்கிற பொறுப்பையும் விடுங்க, எப்படிச் சொல்லிக் குடுக்கிறதுன்னு நீங்க வாயைத் திறக்காதீங்க. திரும்ப ஆட வர்றப்ப டிஃபென்ஸ், ரீபவுண்ட், பாக்ஸ்-அவுட்னு எல்லாத்தையும் தலைல ஏத்தாதீங்க. முதல் மூணு எட்டு, அது மட்டும். மூணு எட்டு ஓடினவன் நாலாவதுல நிக்கிறது கஷ்டம், உடம்பு தானா போகும். எத்தனை தடவை பண்ணான்னு எண்ணி அவன்கிட்ட மட்டும் காட்டுங்க, டீம் முன்னாடி வேண்டாம்.

டங்க் தம்பி சொன்ன அந்தக் குட்டைப் பையனையும் மறந்துடாதீங்க. இவன் பேச்சு இவ்ளோ ஓடுது, அவன் பேரை யாராவது கேட்டோமா? நிமிஷம் உழைப்புக்குத்தான். இவன் மூணு எட்டு ஓடலன்னா உக்காரட்டும், கோவம் காட்டாம உக்கார வைங்க.

டூ_ஹேண்ட்_டங்க்:

முட்டி வலின்னு தெரியாமப் பேசிட்டேன், சாரி. ஆனா கடைசி வரியை அக்கா எனக்காகவே எழுதினாங்க, அதை பிரேம் போட்டு மாட்டுங்க.

கார்னர்_த்ரீ:

அஞ்சு வாரம் ஆச்சு, அப்டேட் கேட்டு ரெண்டு பேர் மெசேஜ் பண்ணிருந்தீங்க.

முட்டி அக்கா சொன்னதேதான், வளர்ச்சி சம்பந்தப்பட்டது. மூணு வாரம் ரெஸ்ட், இப்ப பாதி லோடுல ஆடறான். ரெஸ்ட்ல மூணு மேட்ச் பேப்பர்ல கோடு போட்டான். முதல் மேட்ச்ல நான் சொன்னதை மட்டும் போட்டான், மூணாவது மேட்ச்ல ஓரமா அவனா ஒரு கட்டம் போட்டு யார் எந்தப் பக்கம் பாஸ் வந்தா தடுமாறுறாங்கன்னு எழுதி வச்சிருக்கான், நான் கேக்கவே இல்ல. எங்க சென்டர் பொசிஷன்ல ஆடுற பையனுக்கு வலது தோள் பக்கம் வர்ற பந்து பிடிக்க வரலையாம், ரெண்டு வருஷமா நான் கவனிக்காதது.

பொடிசுங்க கிளாஸுக்கு சீக்கிரமே வந்துடறான். எங்க ப்ராக்டிஸுக்கு இன்னும் லேட்டுதான், எட்டு நிமிஷம், பத்து நிமிஷம்.

போன சனிக்கிழமை முதல் மேட்ச், பன்னெண்டு நிமிஷம் ஆடினான். மூணு எட்டு ஓட வேண்டிய சந்தர்ப்பம் பதினாலு தடவை வந்துது, ஓடினது எட்டு தடவை. ரெண்டு தடவை பழையபடி இடுப்புல கை. உக்கார வச்சேன், கோவப்படாம. அந்தக் குட்டைப் பையன் போய் பதினொண்ணுக்குப் பதினொண்ணு ஓடினான், டங்க் ப்ரோ சந்தோஷப்படுங்க. மேட்ச் முடிஞ்சு பேப்பரைக் காட்டினேன், ரொம்ப நேரம் பாத்தான். "சார், இதுல ஒண்ணு தப்பு, மூணாவது குவார்ட்டர்ல ஒண்ணு நான் ஓடினேன், நீங்க சப்ஸ்டிடியூஷன் சொல்லிட்டிருந்தீங்க, பாக்கல"ன்னான். முதல் தடவையா என்னை எதிர்த்துப் பேசினான். வீடியோ போட்டுப் பாத்தேன், அவன் சொன்னதுதான் சரி. ஒன்பதுன்னு திருத்திக் குடுத்தேன்.

அக்கா, பிசியோ முழு லோடுக்கு இன்னும் ரெண்டு வாரம்ங்கறார், அடுத்த சனி நாக்-அவுட். பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆட வைக்கலாமா?

விசில்_அக்கா:

வேண்டாம். பன்னெண்டே போதும், அதையும் நாலு நாலா பிரிச்சுக் குடுங்க. தோத்தாலும் பரவால்ல.

கார்னர்_த்ரீ:

சரிக்கா. அவங்கப்பாகிட்டயும் நீங்களே சொல்லிட்டா நல்லாருக்கும் 😄

விசில்_அக்கா:

நம்பர் குடுக்கச் சொல்லுங்க, பேசறேன்.